ஹிலோவில் இரண்டு திங்கள்

மிட்வேயில் மூழ்கியவை எந்தக் கொடியின் கப்பல்கள் என்று
அக்டோபர் வரை எங்களுக்குத் தெரியாது.
தெரிந்த அன்று ஹவாய் முழுக்க வேறு கொடி.

பதிவகத்துச் சுவர்க்கடிகாரத்தைத் திருத்த
லெப்டினன்ட் நிஷிவாக்கி வந்தார்.
பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
என் நாற்காலிமேல் ஏறினார்.
வலது காலுறையில் தையல், நீல நூல்.
பேரரசு முழுதும் இனி டோக்கியோ நேரம்,
பதினெட்டரை மணி முன்னே.
ஆறரைச் சுற்றே போதும், முட்கள் அதே இடத்தில்தான் வந்து நிற்கும்.
அவர் பதினெட்டரையும் சுற்றினார்,
ஒவ்வொரு மணியும் அடித்து முடிக்கும்வரை
விரலை எடுத்துக்கொண்டு.
சனிக்கிழமை காலை பத்து
ஞாயிறு விடியற்காலை நாலரை ஆயிற்று.
அதை நான் இரண்டு மொழியில் அறிவிப்பாக எழுதினேன்.
என்னுடையது அப்பாவின் கரும்புத்தோட்டத்து ஜப்பானியம்.
சிரிக்காமல் திருத்தித் தந்தார்.

அன்றுமுதல் சூரியன்
இரவு ஒன்றே முக்காலுக்கு எழுந்தது,
பகல் ஒன்றேகாலுக்கு விழுந்தது.
சேவல்கள் அறிவிப்பைப் படிக்கவில்லை.
ஆலைச் சங்கு ஊதும் ஜசிந்தோ ஃபுர்ட்டாடோ
படித்தான், பிறகு அதில் புகையிலை சுற்றினான்.

அடுத்த வாரம் அவன் மனைவி ஃபிலோமினா
கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.
பெயர் அடெலினோ. பிறந்தது சனிக்கிழமை,
பிற்பகல் மூன்று பத்து, நல்ல மழை.
அந்தச் சனிக்கிழமைக்குப் பிற்பகல் கிடையாது என்றேன்.
"நான் அங்கே இருந்தேன்" என்றாள்.
பதினெட்டு, ஞாயிறு என்று போடு என்றார் லெப்டினன்ட்.
போட்டேன்.
பென்சிலால்.

மூன்றரை வருஷம்.
சந்தையில் என்னை அவர்கள் ஆள் என்றார்கள்,
அவர்கள் என்னை அமெரிக்கக்காரி என்றார்கள்.
இரண்டு பேரின் அரிசியையும் நான்தான் கணக்கெழுதினேன்.

அந்தத் திங்கள், கடிகாரத்தில் மாலை ஏழு,
வெளியே நள்ளிரவு தாண்டிய இருட்டு.
கடலில் திரும்பி வந்த கப்பல்களின் விளக்கு.
கொதிகலனில் மிச்சமிருந்த நீராவி முழுவதையும்
ஃபுர்ட்டாடோ சங்கில் விட்டான்.
நிறுத்தவே இல்லை.
தனக்கே ஊதிக்கொண்டான் என்று பின்னால் சொன்னார்கள்.
விசாரணை ஐந்து நிமிஷம்.
தீர்ப்பில் இருந்த ஒரு சொல்லுக்கு
அவனுக்குப் புரிகிற சொல் வேண்டும் என்றார்கள்.
தேடினேன். சுலபமாகக் கிடைத்தது.
ஆலைச் சுவரோரம் நிறுத்தினார்கள்.
லெப்டினன்ட் என்னிடம் மணி கேட்டார்,
ஏழு நாற்பது என்று குறித்துக்கொண்டார்.

செவ்வாய் காலை ஒன்பதுக்கு
அமெரிக்க சார்ஜென்ட் ஒருவன்
பூட்ஸோடு அதே நாற்காலியில் ஏறினான்.
ஆறரைச் சுற்று, பின்பக்கமாக.
உள்ளே எதுவோ முறிந்தது.
இன்றும் அது நாலு மணிக்கு ஏழு அடிக்கிறது.
"திங்கள் பிற்பகல் இரண்டரை" என்றான்,
"எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்."

நான் போகவில்லை. ஃபிலோமினா வந்தாள்.
"இன்னும் ஏழு நாற்பது ஆகவில்லையே?"
ஆகவில்லை என்றேன்.
படியில் உட்கார்ந்தாள்.
பையன் யாருடையதோ கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான்.
ஐந்து. ஆறு.
ஏழுக்கு நான் விளக்கு ஏற்றவில்லை.
ஏழரைக்கு, பையனின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி
ஒவ்வொன்றாக மறுபடி மாட்டினாள்.
ஏழு நாற்பத்தொன்றுக்கு எழுந்து போனாள்.

விசாரணைக் குழு ஜூனில் என்னைக் கேட்டது:
திங்கள் மாலை என்ன செய்துகொண்டிருந்தாய்?
எந்தத் திங்கள் என்றேன்.
தட்டச்சுக்காரன் விரல்களைத் தூக்கியபடியே இருந்தான்.

முதல் திங்களில் ஒரு சொல் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.
இரண்டாவது திங்களில், அவள் போன பிறகு,
பென்சிலை அழித்துவிட்டு மையால் எழுதினேன்:
பதினேழு, சனி, பிற்பகல் மூன்று பத்து.

அவர்கள் தாளில்
ஒரு திங்களுக்குத்தான் இடம் இருந்தது.